புரட்டாசியில் மனை பாருங்கள்

புரட்டாசித் திங்களில் புதுமனை புகுதல் ஆகாது என்பது நம்மவர் கொள்கை. அதை மறுக்கும் துணிவு எனக்கில்லை. ஆயினும், மனை வாங்க எண்ணுவோர் அம்மனையைச் சென்று பார்ப்பதற்குப் புரட்டாசியைவிடச் சிறந்த திங்கள் வேறில்லை என்பது நான் அனுபவத்தில் கண்ட முடிவு. அம்முடிவுக்கு நான் கொடுத்த விலை, வட்டியோடு சேர்ந்து, இன்னும் எட்டாண்டுகள் மாதந்தோறும் என் ஊதியத்தில் பிடிக்கப்படும்.

நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் பணியேற்க 2003ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு வந்தேன். பிறந்தது சிவகங்கைச் சீமையில், கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் ஒரு சிற்றூர். என் பாட்டனார் அவ்வூர்க் கண்மாய்க்கு நீர்க்கட்டி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், வயல்களுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சுவதும் அவர் பொறுப்பு. அத்தகையவரின் பேரன் நீரைப் பற்றிய செய்தியில் ஏமாறலாமா? ஏமாந்தேன். 2014ஆம் ஆண்டு சித்திரை வெயிலில் அடுக்ககம் ஒன்றைப் பார்க்கப் போனேன். சுற்றிலும் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. “இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது சார்” என்றார் கட்டியவர். அன்று நிற்கவில்லைதான்.

மறு ஆண்டு ஊரிலிருந்து என் தாயார் வந்தார். மாடியில் நின்றபடி பக்கத்து வெற்று மனையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். அங்கே சம்பும் நெய்வேலிக் காட்டாமணக்கும் செழித்து நின்றன.

“ஏப்பா, இது கம்மா உள்வாயில்ல? சம்பு மொளைச்சிருக்கே. கம்மாக்குள்ளயா வீடு வாங்கியிருக்க?”

“அம்மா, இது பட்டணம். மாநகராட்சி அனுமதி இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது, பதிவான பத்திரம் இருக்கிறது.”

“அது தண்ணிக்குத் தெரியுமாப்பா?”

தண்ணீருக்குத் தெரியவில்லை என்பது 2020ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் இரவில் விளங்கிற்று. பேகம்பேட்டை வானிலை நிலையத்தில் 19 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. நகரின் ஏரிகள் நிரம்பின. தம் பழைய இடங்களைத் தேடிப் புறப்பட்டன. எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு நீர். கீழ்வீட்டுத் தெலுங்கு அன்பர் தம் மனைவி மக்களோடு நான்கு நாட்கள் முதல் தளத்தில் எங்கள் வீட்டில் தங்கினார். இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்து உண்டோம். அந்த நட்பைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

ஐதராபாத்துக்கு வெள்ளம் புதிதன்று. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்தபோது மாண்டோர் பதினையாயிரம் பேர் இருக்கலாம் என்பர். அன்று சுமார் 150 பேருக்கு உயிர்ப்பிச்சை தந்த புளியமரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ளது. அதுவும் புரட்டாசி, 2020ஆம் ஆண்டு வெள்ளமும் புரட்டாசி என்பதை அன்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேரழிவுக்குப் பின் நிஜாம் மகபூப் அலிகான், பொறியியல் அறிஞர் விசுவேசுவரையாவை அழைத்தார். நகருக்கு மேலே மூசியின் நீர்ப்பிடிப்பில் 788 ஏரிகள் இருந்தன, அவற்றுள் 221 உடைந்தன என்று அவர் கணக்கெடுத்தார். நீர் தங்குவதற்கு மேலே இடம் கொடுத்தால் அது கீழே வந்து நம் இடத்தைக் கேட்காது என்பதே அவர் கூறிய தீர்வின் சாரம். அவ்வாறே உஸ்மான் சாகர் 1920இலும், இமாயத் சாகர் 1927இலும் எழுந்தன. அவற்றைக் காக்க 1996ஆம் ஆண்டு 111ஆம் எண் அரசாணை பிறந்தது. இரு நீர்த்தேக்கங்களையும் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வரையில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் 69ஆம் எண் ஆணை அக்கட்டுப்பாட்டை நீக்கிற்று. கோப்புகளோடு வாழ்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓர் ஆணையை மற்றோர் ஆணையால் நீக்கலாம். மேட்டையும் பள்ளத்தையும் அவ்வாறு நீக்க எந்தப் பிரிவிலும் இடமில்லை.

இதில் தெலுங்கர், தமிழர் என்ற வேறுபாடும் இல்லை. இங்கே மாசாப் டேங்க் நிறுத்தத்தில் இறங்கினால் மேம்பாலம் உண்டு, குளம் இல்லை. சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை உண்டு. ஏரியும் இல்லை, காட்சியும் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்குமிடமே பழைய நுங்கம்பாக்கம் ஏரிதான். ஏரியை அழித்து அதன் பெயரைத் தெருவுக்குச் சூட்டும் நன்றியுணர்ச்சியில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளம் அந்நன்றிக்கு வந்த பதில்.

2024ஆம் ஆண்டு சூலையில் தெலங்கானா அரசு ‘ஹைட்ரா’ என்னும் அமைப்பை நிறுவிற்று. ஏரி நிலங்களில் எழுந்த கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அவ்வாண்டே மூசிக் கரையில் எளியோர் வீட்டுச் சுவர்களில் சிவப்பு வண்ணத்தில் குறி இட்டார்கள். ஏரிகளை மீட்பது நற்பணியே. ஆனால் பத்திரம் பதிந்து கட்டணம் பெற்றவர், வரைபடத்திற்கு ஒப்பமிட்டவர், மின் இணைப்புக் கொடுத்தவர், வீட்டுவரி வாங்கியவர் ஆகிய அனைவரும் அரசின் கைகளே. இறுதியில் இடிக்க வருவதும் அதே உடம்பின் இன்னொரு கை. முதற்கை செய்ததை அடுத்த கை அறியாதது போல் நடப்பதை எங்கள் அலுவலகத்தில் ‘முறையான வழி’ என்போம்.

ஆகவே, சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகள்:

முதலாவது, கோடையில் மனை விற்பதைத் தடை செய்க. மழைக்காலத்தில் மட்டுமே மனையைக் காட்டலாம். வாங்குவோர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சென்று பார்க்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் ஏரியும் நிரம்பினால் நீர் எங்குவரை வருமோ அந்த மட்டத்தைச் சுற்றுப்புற மின்கம்பங்களிலும் சுவர்களிலும் நீலக் கோடாகத் தீட்டுக. வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும் கோடு தெரியும். விற்பனைப் பத்திரத்தின் முதற்பக்கத்திலும் அக்கோடு இடம்பெறுக.

மூன்றாவது, ஏரிக்கருகில் கட்டட அனுமதிக்கு ஒப்பமிடும் அதிகாரியும் கட்டுபவரும் குடும்பத்தோடு அதன் தரைத்தளத்தில் மூன்று மழைக்காலம் குடியிருக்க வேண்டும். வாடகை வேண்டாம்.

நான்காவது, இடிப்பதானால் மாளிகையில் தொடங்கிக் குடிசைக்கு வருக. குடிசைவாசிக்கு மாற்று வீட்டின் சாவியைக் கொடுத்த பின்னரே அவர் சுவரில் கை வைக்க வேண்டும்.

இவற்றை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “எல்லாம் சரிங்க. நீலக் கோடு நம்ம வீட்டுச் சுவத்துல விழுந்தா?” என்றாள். விடை சொல்ல இரண்டு நாட்களாயின.

விடை வேறு வடிவில் வந்தது. கீழ்வீட்டு அன்பர் தம் வீட்டை விற்க முனைந்திருந்தார். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த என் அலுவலக நண்பர் அதை வாங்க விரும்பி, “அண்ணே, நீங்கள் இருக்கும் கட்டடம்தானே, நம்பி வாங்கலாமா?” என்று கேட்டார். அடுக்ககத்தார் என்னிடம் முன்னரே சொல்லி வைத்திருந்தார்கள்: வெள்ளத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டாம், எல்லார் வீட்டின் விலையும் விழும். அவர்கள் சொன்னது உண்மை. என் வீட்டின் விலையும் அதில் அடக்கம். நான் நண்பரிடம், “புரட்டாசியில் வந்து பாருங்கள் தம்பி” என்று மட்டும் சொன்னேன்.

2025 புரட்டாசியில் அவர் வந்தார். முதல்நாள் இரவு மழை. வாசலில் கணுக்காலளவு நீர். காற்சட்டையை மடித்துக்கொண்டு மேலே வந்து, காப்பி அருந்தி, ஒன்றும் பேசாமல் விடைபெற்றார். வீட்டை அவர் வாங்கவில்லை. ஒரே அடுப்பில் எங்களோடு நான்கு நாள் உண்ட கீழ்வீட்டார் இப்போது படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் கடன் இருக்கிறது. என்னைப்போலவே அவரும் கோடையில் பார்த்து வாங்கியவர். பத்திரத்தின் முதற்பக்கத்தில் அந்நாளிலேயே ஒரு கோடு இருந்திருந்தால், நான் அவருக்கு இத்தீங்கைச் செய்ய நேர்ந்திராது. ஊருக்கு அரசு சொல்ல வேண்டிய உண்மையை ஒரு தனிமனிதன் சொன்னால் அது அண்டை வீட்டாருக்குச் செய்யும் இரண்டகமாகி விடுகிறது.

அதே 2025இல் அம்பர்பேட்டையில், குப்பை மூடிக் கிடந்த பதுகம்ம குண்டாவைத் தோண்டினார்கள். சிறிதே தோண்டியதும் நீர் ஊறிவந்தது. குழாய் உடைந்துவிட்டதோ என்று முதலில் ஐயுற்றார்களாம்! இச்செய்தியைத் தொலைபேசியில் தாயாரிடம் சொன்னேன்.

“அது எங்கயும் போகாதுப்பா, கீழதான் கெடக்கும்” என்றார். பிறகு, “ஒங்க வீட்டுப் பக்கம் சம்பு இன்னும் மொளைக்குதா?” என்று கேட்டார்.

முளைக்கிறது.