மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், தெற்கே நியூ மெக்ஸிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது ட்ரினிடாட். ஒரு காலத்தில் நிலக்கரி ஊர். சுரங்கங்கள் மூடியபின் பழைய செங்கல் கட்டடங்களும் செங்கல் பாவிய தெருக்களும் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் துப்பாக்கிப் பட்டறைக்காரர்களிடம் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறது. இங்குள்ள கல்லூரியில் 1947 முதல் துப்பாக்கி வேலையை ஒரு தொழிற்படிப்பாகக் கற்றுத்தருகிறார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்களுக்குக் கைத்தொழில் ஒன்று தேவைப்பட்ட காலத்தில் பிறந்த படிப்பு அது. தோட்டா வடிவமைப்பில் பெரிய பெயரான பி.ஓ. ஆக்லி இங்கே பாடம் நடத்தியவர்.

அங்கே படித்து, அந்த வட்டாரத்திலேயே பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரியைப் பார்க்கப் போயிருந்தேன். அறுபதைத் தாண்டியவர். உடன் வேலை செய்பவர்கள் இரண்டு பேர்: லேத்தில் நிற்கும் ஒரு நடுவயதுக்காரர், மரவேலை பழகும் ஓர் இளம்பெண். கோயம்புத்தூர் லேத் பட்டறைகளின் சத்தத்தில் வளர்ந்தவன் நான். வெட்டெண்ணெயின் வாசனையும் தரையில் சுருண்டு கிடக்கும் இரும்புச் சுருளும் எனக்கு அந்நியமில்லை. தொழிற்சாலையிலிருந்து முழுமையாகி வந்த ஒரு வேட்டை ரைபிளை மறுபடி பிரித்து, திருத்தி, ஒருவர் கைக்குப் பொருத்துகிறார்கள் என்றால் அதில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

தயக்கமும் இருந்தது. துப்பாக்கியால் அன்றாடம் உயிர்கள் போகும் நாடு இது. அந்த நினைவை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போக முடியாது. பட்டறையின் முதல் சடங்கே அந்தத் தயக்கத்துக்கு ஓரளவு பதில் சொன்னது. துப்பாக்கி எதுவானாலும் போல்ட் திறந்த நிலையில்தான் மேசைக்கு வரவேண்டும். மேஸ்திரி குழலின் அடிப்பக்கத்தை விளக்கில் பார்ப்பார். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவி, தோட்டா இல்லை என்று உறுதி செய்வார். கொண்டுவந்தவர் பார்த்தாயிற்று என்று சொன்னாலும் சரி, பக்கத்து மேசையிலிருந்து வந்தாலும் சரி, இது மாறாது. அடுத்தது பேரேடு. வேலைக்கு வாங்கி வைக்கும் ஒவ்வொரு துப்பாக்கியின் வரிசை எண்ணும், யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போனது என்பதும் அதில் ஏறவேண்டும். மத்திய அரசின் உரிமம் பெற்ற பட்டறைக்கு இது சட்டக் கட்டாயம். இரவில் எல்லாம் இரும்புப் பெட்டகத்துக்குள்.

அன்று மேசையில் கிடந்தது வின்செஸ்டர் மாடல் 70. .270 தோட்டா போடுவது, 1970-களில் செய்தது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவருக்குத் தாத்தா வழியாக வந்தது. அக்டோபரில் எல்க் மான் வேட்டைக்கு அதை எடுத்துப்போக வேண்டும். தாத்தா உயரமானவர், தோளில் பதியும் மரக்கட்டை இவருக்கு நீளம். நூறு கஜத்தில் சுட்டால் குண்டுகள் மூன்று அங்குல அகலத்துக்குச் சிதறுகின்றன. இரண்டு குறைகளும் தீரவேண்டும்.

போல்ட் ரைபிளின் வழிமுறை எளிது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே அழுத்தினால் புதிய தோட்டா ஏறிப் பூட்டிக்கொள்ளும். இதற்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் பால் மவுசர். அவருடைய 1898-ஆம் ஆண்டு வடிவத்தின் சாயல் இன்றைய வேட்டை ரைபிள்களில் பெரும்பாலானவற்றில் தெரியும். சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907-ல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிளும் மவுசர் வகைதான். மாடல் 70 சந்தைக்கு வந்தது 1936-ல்; மவுசரைப் போலவே தோட்டாவின் விளிம்பை உருவும்போதே பற்றிக்கொள்ளும் அகலமான கொக்கி அதற்கு இருந்தது. 1964-ல் உற்பத்திச் செலவைக் குறைக்க நிறுவனம் வடிவத்தை மாற்றியது. கொக்கி போனது. பிடியில் கையால் வெட்டிய கோடுகளுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கோலம் வந்தது. வேட்டைக்காரர்கள் அதை மன்னிக்கவே இல்லை. அந்த ஆண்டுக்கு முந்தைய ரைபிள்களுக்கு இன்றும் தனி மதிப்பு. பழைய கொக்கி 1990-களில்தான் திரும்பி வந்தது.

அதனால் இந்தப் பட்டறைக்கு ஒரு கொள்கை உண்டு. 1964-க்கு முந்தைய மாடல் 70 மாற்றமே இல்லாமல் வந்தால் அதில் துளை போடமாட்டார்கள், கட்டையை அறுக்கமாட்டார்கள். "இதைச் செய்தவரின் வேலை முடிந்துவிட்டது. நான் தொட்டால் கெடும்" என்றார் மேஸ்திரி. பணத்தோடு வாசலில் நிற்கும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது சிறு பட்டறைக்கு லேசான காரியம் இல்லை. எனக்கு அவர் மேல் முதல் மதிப்பு அங்கேதான் வந்தது. ஆசிரியையின் ரைபிள் பிந்தைய காலத்தது, கை வைக்கலாம்.

திருகுகளைக் கழற்றி, கட்டையிலிருந்து இரும்பைத் தூக்கியதும் நோய் தெரிந்தது. இரும்பு உட்காரும் பள்ளத்தில் சில இடங்கள் பளபளவென்று தேய்ந்திருந்தன. சில இடங்களில் மரம் இரும்பைத் தொட்டதே இல்லை. மழைக்காலத்தில் நிலையில் இறுகிக்கொள்ளும் கதவு போலத்தான் இதுவும். அக்ரூட் மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். மரம் ஒரு பக்கம் குழலைத் தள்ளினால், குறி அந்தத் தள்ளலோடு நகரும். போன வருடம் சரியாகச் சுட்ட ரைபிள் இந்த வருடம் ஓர் அங்குலம் விலகுவது இப்படித்தான்.

இதற்கான மருந்துக்குப் பெட்டிங் என்று பெயர். மொத்த வேலையிலும் என்னை அதிகம் கட்டிப்போட்டது இதுதான். சுடும்போது பின்னுதையைத் தாங்கும் தடித்த இரும்புக் காது ஒன்று அடியில் உண்டு. அதைச் சுற்றியுள்ள மரத்தை உளியால் கொஞ்சம் எடுக்கிறார்கள். திருகு போகும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பதிக்கிறார்கள், திருகை முறுக்கும்போது மரம் நசுங்காமல் இருக்க. இரும்பின் ஒவ்வொரு சந்தையும் களிமண்ணால் அடைத்து, மேலே மெழுகு பூசுகிறார்கள். மெழுகு பூசும்போது மேஸ்திரி யாரோடும் பேசவில்லை. பூசாமல் விட்ட இடம் நகக்கண் அளவு இருந்தாலும் இரும்பும் மரமும் ஒட்டிப்போகும். பிறகு கட்டையை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். உலோகத்தூள் கலந்த எப்பாக்ஸியைப் பள்ளத்தில் நிரப்பி, இரும்பை மெல்ல இறக்கி, பிதுங்கி வழிவதைத் துடைத்து, ஒருநாள் விடுகிறார்கள். இறுகியபின் இரும்பைத் தூக்கினால் அதன் ஒவ்வொரு கோடும் அச்சாகப் பதிந்திருக்கிறது. இனி அது ஒரே இடத்தில்தான் உட்காரும். ரைபிளைப் பூட்டியபின் இதில் ஒரு துளிகூட வெளியே தெரியாது.

குழல் மட்டும் மரத்தைத் தொடக்கூடாது. ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு நுனியிலிருந்து அடிவரை இழுத்துப் பார்க்கிறார்கள். எங்காவது சிக்கினால் அங்கே உப்புத்தாள் தேய்கிறது.

அடுத்து லேத். குழலின் வாய் விளிம்பில் ஒரு சிறு நசுங்கல், பழைய ஜீப் பயணம் ஏதோ ஒன்றில் பட்டதாக இருக்கலாம். குண்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து வரும் வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பிரியவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் குண்டின் வால் ஆடும். லேத்காரர் குழலைச் சக்கில் பிடித்து, டயல் வைத்து, முள் அசையாமல் நிற்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். பிடிக்கத்தான் நேரம். வெட்டுவது சில நிமிடம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கான தௌ கணக்கில் பேசும் மனிதர்களை எங்கே பார்த்தாலும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது.

விசையை மூன்று பவுண்டு இழுப்புக்கு வைத்தார்கள். இன்னும் லேசாக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. குளிரில் விரைத்த விரலும் கையுறையும் மெல்லிய விசையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேஸ்திரி அவர்களுக்கு விளக்குவாராம். ஒப்பாதவர்கள் வேறு பட்டறைக்குப் போகலாம். விசையைச் சரிசெய்தபின், காலியான ரைபிளை இழுத்துவைத்து ரப்பர்ச் சுத்தியால் எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தார். விசை தானாக விழவில்லை.

கட்டையை அறுத்து ரப்பர் மெத்தை வைத்தபின் இளம்பெண்ணின் வேலை தொடங்கியது. அச்சில் அழுத்திய பழைய கோலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, பிடியில் கையால் கோடு வெட்டினார். அங்குலத்துக்கு 22 கோடு. இரண்டு வரிசைப் பல் உள்ள சிறு கருவி. ஒரு பல் ஏற்கெனவே வெட்டிய கோட்டில் ஓட, மற்றது பக்கத்துக் கோட்டை வெட்டும். முதல் கோடு பிசகினால் கடைசிக் கோடு வரை பிசகு தொடரும். குறுக்குக் கோடுகள் வந்ததும் மரம் முழுக்கக் குட்டிக் குட்டி வைரங்கள். ஈரக் கையிலும் வழுக்காத பிடி அதனால் வருகிறது. அக்ரூட் தூள் மூச்சுக்கு ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டே மணிக்கணக்கில் குனிந்திருக்கிறார். கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும் என்றார். லேத்காரரின் ஒரு காதில் ஓயாமல் ஓர் இரைச்சல், காதடைப்பான் போடாமல் சுட்டுப் பழகிய இளவயதின் மிச்சம். இப்படிப்பட்ட கைகளில், ஸ்போகேன் நகரில் கட்டை செய்த ஆல் பீஸனின் பெயர் எழுத்தாளர் ஜாக் ஓ'கானரின் .270 ரைபிள்களால் வேட்டை உலகில் நிலைத்தது. பெரும்பாலான கைகளுக்கு அப்படி எழுதிவைக்க ஆள் கிடைப்பதில்லை.

கூலிதான் இந்தத் தொழிலின் நெருக்கடி. இன்று கடையில் விற்கும் மலிவான ரைபிளின் மொத்த விலை, ஒரு கட்டைக்குக் கையால் கோடு வெட்டும் கூலியைவிடக் குறைவு. அந்த மலிவு ரைபிள்கள் நன்றாகவே சுடுகின்றன, அதையும் சொல்லவேண்டும். பிறகு ஏன் இதெல்லாம்? ஆசிரியைக்குப் பதில் எளிது: அது தாத்தாவுடையது.

கார்பன் ஃபைபர் குழல், செராமிக் பூச்சு, குழல் வாயில் மாட்டும் பிரேக் என்று கேட்டு வருகிறவர்களே இப்போது அதிகம். பிரேக் பின்னுதையைக் குறைக்கும், ஆனால் சத்தத்தைச் சுடுபவரின் காதுப்பக்கம் திருப்பிவிடும். ஆயிரம் கஜத்தில் மானைச் சுட ஒரு ரைபிள் வேண்டும் என்ற கோரிக்கைதான் மேஸ்திரியை வருத்துகிறது. அந்தத் தூரத்துக்குக் குண்டு போய்ச்சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். "மான் இப்போது நிற்கும் இடம் எனக்குத் தெரியும். ஒரு நொடி கழித்து எங்கே நிற்கும் என்று அதற்கே தெரியாது" என்றார். இதயத்திலும் நுரையீரலிலும் படவேண்டிய குண்டு குடலில் பட்டால், அந்த விலங்கு மலையேறி எங்கோ படுத்துப் பல மணிநேரம் சாகும். இந்தத் துல்லியமெல்லாம் அந்தச் சாவைத் தவிர்க்கத்தான். வேட்டை எனக்குப் பழக்கமுமில்லை, விருப்பமுமில்லை; 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த தலைமுறை நான். ஆனாலும் இந்த நியாயம் எனக்குச் சரியாகப் படுகிறது. காயம்பட்டு ஓடும் விலங்கைப் பொறுக்காத மனம், பெட்டிங் பூசும் விரல்வரை இறங்கியிருப்பதைப் பார்த்தேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்மண் தெரியாத வேட்டையால் கொலராடோவில் எல்க் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அமெரிக்காவிலேயே அதிக எல்க் உள்ள மாநிலம் இது. 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைபிள், தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. நம் ஊரில் இருந்து பார்க்கும்போது முரணாகத் தெரியும் ஏற்பாடு. பலன் மலைச்சரிவில் மேய்கிறது.

சுடுதளத்தில் ஆசிரியையே சுட்டார். காதடைப்பான், கண்ணாடி, மூன்று குண்டு, குழல் ஆறும்வரை காத்திருப்பு, மறுபடி மூன்று. நூறு கஜத்தில் சிதறல் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டியது. கட்டை இப்போது தோளில் படிகிறது. ஸ்கோப்பைத் தேடிக் கழுத்து நீளவில்லை. இருநூறு கஜத்துக்கு மேல் சுடமாட்டேன் என்று அவராகவே சொன்னார். மேஸ்திரி பேரேட்டில் தேதி எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அமெரிக்காவில் குடியேறிய நம் இளைஞர்கள் சிலர் வேட்டையில் நாட்டம் கொள்வதைக் கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் உரிமம் வாங்க முடியாது. முதலில் அதைப் படியுங்கள். பிறகு கடையில் கிடைக்கும் சாதாரண ரைபிளோடு சுடுதளத்துக்குப் போய், உங்கள் கை எவ்வளவு தூரம்வரை நம்பத்தக்கது என்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டறைக்குப் போவது அதற்கு அப்புறம். போனால் பூச்சுக்கும் பிரேக்குக்கும் முன்னால் பெட்டிங்குக்குப் பணம் கொடுங்கள், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல்.