சுவர் குடிக்கும் அளவு

ஒரு கடைத்தொகுதிக்கு எவ்வளவு பெயின்ற் வேண்டும் என்ற கணக்கு மூன்று எண்களில் நிற்கிறது: அடிக்க வேண்டிய பரப்பு, எத்தனை கோட், ஒரு லீற்றர் எவ்வளவு பரப்பைப் பிடிக்கும் என்பவை. முதல் எண்ணை அளவுநாடா தந்துவிடும். இரண்டாவது உரிமையாளரோடு பேசி முடிவாகும். மூன்றாவது ரின்னிலேயே அச்சாகி வருகிறது, சிக்கலும் அதில்தான். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புச் சந்தியை ஒட்டிய கடைகளில் வேலை பிடிக்கும் அனுபவசாலி அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன் சுவரைத் தடவிப் பார்க்கிறார், விரல் நகத்தால் சுரண்டுகிறார். பிறகு, "இது பழைய சுவரோ, புதுப்பூச்சோ அண்ணை?" என்று கடைக்காரரிடம் கேட்கிறார். விலை பேசுவது அதற்குப் பிறகு.

ரின்னில் உள்ள எண் பொய்யானதல்ல. பெயின்றில் தண்ணீரோ தின்னரோ ஆவியாகிப் போன பின் எஞ்சும் திண்மப் பகுதிதான் சுவரில் படலமாக நிற்கும். ஒரு லீற்றரில் அது 40 சதவீதம் என்றும், காய்ந்த படலம் 30 மைக்ரோன் தடிப்பில் நிற்க வேண்டும் என்றும் கொண்டால், ஒரு லீற்றர் 13.3 சதுர மீற்றரை, அதாவது ஏறக்குறைய 143 சதுர அடியை, ஒரு கோட் மூடும். ஆனால் இந்தக் கணக்கு வழுவழுப்பான, எதையும் உறிஞ்சாத தளத்துக்கு உரியது. பண்டத்தரிப்பு அமைந்த வலிகாமத்தில் அப்படியான சுவர் பில்லர் இழுத்துத் தேய்த்த உட்சுவராக மட்டுமே அமையும். மட்டப்பலகை போட்டுத் தேய்த்த சாதாரண வெளிப்பூச்சில் மணலின் சொரசொரப்பு பரப்பைக் கூட்டுகிறது. அங்கே 100 சதுர அடிக்கு மேல் எதிர்பார்ப்பது வீண். பல கடைகளின் பின்புறம் பூச்சே இல்லாத சீமெந்துக் கல் சுவராக விடப்பட்டிருக்கும். அதில் முதல் கோட்டுக்கு 60 சதுர அடி கிடைத்தாலே நல்லது.

பரப்பளவை எடுப்பது எளிது என்றாலும் விடுபடும் இடங்கள் உண்டு. ஐந்து கடைகள் கொண்ட ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளலாம்: முகப்பு 60 அடி, ஆழம் 25 அடி, உயரம் 14 அடி. முகப்பில் 8 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்ட ஐந்து ஷட்டர்கள். அவற்றின் 360 சதுர அடியைக் கழித்தால் முகப்பில் 480, இரு பக்கங்களிலும் 700, பின்புறத்தில் 840; மொத்தம் 2020 சதுர அடி. நிலத்தில் நின்று அளப்பவர் இத்தோடு நாடாவைச் சுருட்டிவிடுவார். மேலே பிளாற்றைச் சுற்றி 3 அடி அரைச்சுவர் இருந்தால் அதன் உட்பக்கம் மட்டும் இன்னும் 510 சதுர அடி. தெருவிலிருந்து கண்ணில் படாவிட்டாலும் மழை முதலில் இறங்குவது அங்கேதான். ஆகவே கணக்கு 2530. உள்ளே கடைகளைப் பிரிக்கும் சுவர்கள் நான்கு. அடிக்க வேண்டிய முகங்கள் எட்டு. வரைபடத்தை வைத்து அளப்பவர்கள் அடிக்கடி தவறவிடுவது இதை.

சிறிய திறப்புகளைக் கழிப்பதில்லை என்பது தெற்காசியக் கட்டட அளவீட்டு வழக்கம். இந்தியத் தர அளவீட்டு விதிகளில் 0.5 சதுர மீற்றருக்கு உட்பட்ட திறப்புகளுக்குக் கழிவே இல்லை. காற்றுத் துவாரத்தின் ஓரங்களையும் உட்பக்கங்களையும் தூரிகையால் பூசும்போது மிச்சமாக வேண்டியது அங்கேயே செலவாகிவிடும். ஷட்டர், கதவு, இரும்புக் கேற் ஆகியவற்றுக்குத் தட்டையான பரப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்குவார்கள். அதே விதிகளின்படி சுருள் ஷட்டருக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் 1.10, நெளிதகட்டுக்கு 1.14, சட்டமும் பலகையுமாகச் செய்த கதவுக்கு 1.30. மேலே சொன்ன ஐந்து ஷட்டர்களுக்கு இரு பக்கமும் சேர்த்து 792 சதுர அடி வரும். எனமல் லீற்றருக்கு 130 சதுர அடி பிடித்தால் இரண்டு கோட்டுக்கு 12 லீற்றருக்குச் சற்று மேல்.

வெளிச்சுவருக்கு வருவோம். 2530 சதுர அடி, இரண்டு கோட் என்றால் 5060. ரின்னின் எண்ணைப் போல 140ஆல் வகுத்தால் 36 லீற்றர். இரண்டு 20 லீற்றர் வாளிகள் போதும். நூறால் வகுத்தால் 51 லீற்றர்; இரண்டு வாளியோடு ஒரு 10 லீற்றரும் ஒரு 4 லீற்றர் ரின்னும் வேண்டும். ஒரே கட்டடம், ஒரே நிறம், ஆனால் இடைவெளி பதினைந்து லீற்றர். இலாபமோ நட்டமோ அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

சுவரின் வரலாறு இக்கணக்கில் புகும் விதம் யாழ்ப்பாணத்துக்கே உரியது. அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் வேலை தொடங்கிய காலத்தில் இங்கே கட்டட வேலை என்றால் சுண்ணாம்புக் கல்லும் சுட்ட சுண்ணாம்பும்தான். குடாநாட்டின் நிலமே சுண்ணாம்புக் கல். அந்த மரபில் வந்த பழைய கடைச்சுவர்களில் வெள்ளையடிப்பு ஆண்டுக்கு ஆண்டு அடுக்காக ஏறியிருக்கிறது. அதன்மேல் நேரடியாக எமல்சன் அடித்தால் தூளாக நிற்கும் சுண்ணாம்போடு சேர்ந்து அதுவும் உரிந்து விழும். சுரண்டி, கழுவி, ஊடுருவிப் பிடிக்கும் சீலர் ஒன்றை அடித்த பிறகே பெயின்ற் கணக்குத் தொடங்க வேண்டும். சீலருக்குச் செலவிடுவது பெயின்றில் மிஞ்சும். இதை வீண் செலவு என்று வெட்டச் சொல்லும் உரிமையாளர் மூன்றாவது கோட்டுக்குப் பணம் கொடுக்க நேரிடும்.

இன்னொரு வகைச் சுவரும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். போர்க்காலச் சன்னங்களும் ஷெல் துண்டுகளும் கிழித்த சுவர்கள் பின்னர் துண்டு துண்டாகச் சீமெந்து வைத்து அடைக்கப்பட்டன. பழைய சுண்ணாம்புப் பூச்சும் புதிய சீமெந்தும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. ஆகவே ஒட்டுப் போட்ட இடங்கள் முதல் கோட்டில் திட்டுத்திட்டாகத் தெரியும். அந்த இடங்களுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு கை சீலர் கொடுப்பதே சிக்கனம்.

புதுப்பூச்சின் பிரச்சினை வேறு. சீமெந்தின் காரம் அடங்குவதற்கு நான்கு வாரமாவது விட வேண்டும். அவசரத் திறப்புவிழாவுக்காக அதற்கு முன் அடித்தால் நிறம் வெளுக்கும். வடக்கே சில கிலோமீற்றரில் மாதகல் கடல். பூச்சுக்குப் பயன்பட்ட மணலிலோ கிணற்று நீரிலோ உப்பு இருந்தால் அது ஈரத்தோடு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். உப்புப் பூத்த சுவரில் எத்தனை லீற்றர் ஊற்றினாலும் கணக்கு முடியாது. காயவிட்டு, உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். வெளிவேலையை ஐப்பசி மழைக்கு முன் முடிக்கப் பார்ப்பதும் இதனால்தான்.

நிறமும் அளவை மாற்றும். வெள்ளையும் வெளிர் நிறங்களும் தைத்தானியம் டையொக்சைட்டின் பலத்தில் அடியை மறைக்கின்றன. நிறுவன விளம்பரத்துக்காகக் கேட்கப்படும் கடும் மஞ்சளிலும் சிவப்பிலும் அது குறைவு. இரண்டு கோட்டில் அடி மறையாது. அடியில் ஒரு சாம்பல் கோட் கொடுத்தால் சிவப்பு விரைவில் மூடும். விலைகூடிய நிறத்தில் நான்காவது கோட் அடிப்பதைவிட மலிவான சாம்பல் நல்ல வியாபாரம்.

தண்ணீர் கலப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலந்தால் பூசுவது இலகுவாகும், திண்மப் பகுதி கூடாது. பொருளோடு சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் பேசிய ஒப்பந்தத்தில் தண்ணீர் தாராளமாக ஓடும். கூலி மட்டும் பேசிய வேலையில் பெயின்ற் தாராளமாக ஓடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முதல் வாளி முடிந்ததும் எவ்வளவு சுவர் மூடியது என்று அளந்து, மீதித் தேவையை அந்த எண்ணால் மீண்டும் கணக்கிடுவது. 20 லீற்றரில் 1900 சதுர அடி மூடியிருந்தால் அந்தச் சுவரின் உண்மையான எண் 95. ரின் சொல்வது இனிப் பொருட்டல்ல.

கடையில் இயந்திரத்தில் கலந்த நிறத்தைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். அதனால் மொத்தத் தேவையின் பெரும்பகுதியை ஒரே நாளில், ஒரே தொகுதி எண்ணில் வாங்கி, எல்லா வாளிகளையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டு அடிக்கத் தொடங்குகிறார்கள். குறைந்தால் பிறகு வாங்கும் ரின்னைச் சுவரின் நடுவில் திறப்பதில்லை, மூலையிலிருந்து மூலை வரையான முழுச் சுவருக்கே பயன்படுத்துகிறார்கள். மிச்சத்தில் ஒரு லீற்றரை மூடி இறுக்கிக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுவது வழக்கம். ஷட்டரடியில் சைக்கிள் உரசும் இடத்துக்கு அது உதவும்.