பியானோ ஒத்து ஊதுகிறது

நல்ல இசைத்தட்டு ஒன்றை நண்பருக்குப் போட்டுக் காட்டுகிறவர் அதைக் கேட்பதே இல்லை. நண்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தனக்குச் சிலிர்த்த இடம் வரும்போது அந்த முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று தேடுவார். அசையாவிட்டால், "இதோ, இப்ப வரும் பாருங்க" என்பார். அதோடு அந்த இடம் பாழ். ரசனையைப் பகிர்வதில் எனக்குத் தெரிந்த பெரிய இடைஞ்சல் இந்த அவசரம்தான்.

எங்கள் தஞ்சைச் சீமையில் சங்கீதம் கேட்பது ஆதியிலிருந்தே கூட்டுக் காரியம். சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்தபின் மாசி, பங்குனி, சித்திரை என்று வரிசையாகத் திருவிழாக்கள். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பிறகு வீதி முனையில் நின்று நிதானமாக ஒரு ராகம். கூடவே நடக்கிற கூட்டத்திலும் இடப்பிரிவினை உண்டு. தவில் பைத்தியங்கள் தவிலை ஒட்டியே நடக்கும். ராகப் பிரியர்கள் நாயனத்துக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் விலகி நிற்பார்கள். மறுநாள் காலை டீக்கடையில் இரண்டு கட்சியும் சேரும். "நேத்து காம்போதி எப்படி?" என்று ஒருவர் கேட்டால், "காம்போதியை யாரு கேட்டா? அந்தத் தவில் மோராவைச் சொல்லுங்க" என்று பதில் வரும். ஒரே வீதியில் ஒரே ராத்திரி இரண்டு கச்சேரி நடந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

இந்தப் பழக்கத்துக்குள் வந்து சேர்ந்ததுதான் கிராமபோன் பிளேட். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாயனத்தில் மணிக்கணக்காக வாசித்த தோடி, பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சமாகச் சுருங்கியது. நேரில் கேட்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களிடம், "அது தோடி இல்லைடா, தோடியோட விலாசம்" என்பார். சரியான பேச்சுதான். ஆனால் பிளேட்டை ஊசி மாற்றி மறுபடி வைக்கலாம். வீதியில் நழுவிப்போன சங்கதியைப் பத்து முறை கேட்டுச் சண்டை போடலாம். 1928-இல் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தட்டும் அதே மூன்று நிமிடச் சொச்சம்தான். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் எடுத்த எடுப்பில் பாய்கிற அதன் தொடக்கத்தை, அமெரிக்காவில் எத்தனையோ பேர் தட்டிலிருந்தே பாடம் செய்தார்கள். பிளேட் என்பது ரசிகனுக்குச் சாட்சி, வித்வானுக்கு வாத்தியார்.

கும்பகோணத்தில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாடியறையில் கூடுகிறோம். ஒருவர் தவில் பரம்பரையில் பிறந்து பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டவர். இன்னொருவர் விதைக்கடை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் நாயனக் கேசட்டுகள்தான் கைமாறும். என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து ஜாஸ் தட்டுகளோடு வந்து சேர்ந்தபின் சபை கொஞ்சம் விரிந்தது.

அவன் முதலில் போட்டது ஜான் கோல்ட்ரேன் 1960-இல் பதிவு செய்த 'மை ஃபேவரிட் திங்ஸ்'. ஏறத்தாழ 14 நிமிடம். சோப்ரானோ சாக்ஸபோன் எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, இது என்ன, திமிரியா?" திமிரி என்பது குட்டையான, உச்ச சுருதி நாயனம். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்து, அது எங்கும் பரவியபின் திமிரியின் ஒலி அருகிவிட்டது. வாத்தியார் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. சாக்ஸபோனும் நாயனமும் வாய் குறுகி அடி விரிகிற குழல்கள்தான். அங்கே ஒற்றை நாணல், இங்கே சீவாளி என்கிற இரட்டை நாணல்.

விதைக்கடைக்காரர் குழலையே கவனிக்கவில்லை. மக்காய் டைனர் பியானோவில் இரண்டே ஸ்வரக் கொத்துகளை விடாமல் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "பியானோ ஒத்து ஊதுது ஓய்!" என்றார். நாயனத்துக்குத் துணையாகச் சுருதியை விடாமல் ஊதுகிற குழல்தான் ஒத்து. வாத்தியாரோ அதற்குள் டிரம்ஸுக்குப் போய்விட்டார். எல்வின் ஜோன்ஸ் மூன்றெண்ணிக்கைத் தாளத்தை உடைத்து உடைத்துக் கட்டுவதைத் தொடையில் தட்டிப் பார்த்தார். "இவன் தாளம் போடலை. குழலுக்குப் பதில் சொல்றான்" என்றார். நான் அந்தத் தட்டை அதற்கு முன்பே கேட்டிருக்கிறேன், சாக்ஸபோனை மட்டும். இப்போது அந்த டிரம்ஸை ஒதுக்கிவிட்டு அதைக் கேட்க என்னால் முடிவதில்லை. வாத்தியாரின் காதை இரவல் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

மறுவாரம் எங்கள் முறை. செம்பனார்கோவில் பரம்பரை பேர்பெற்ற ரக்தி மேளம் ஒன்றைப் போட்டோம். சாகித்தியம் கிடையாது. ஏழு எண்ணிக்கைச் சுழற்சிமேல் நாயனமும் தவிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போகும். யாரும் விளக்கம் சொல்லவில்லை. முடிந்ததும் பையன் கேட்டான்: "சித்தப்பா, இதுல யாரு யாரைக் கூட்டிட்டுப் போறாங்க?" வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். "அதைக் கண்டுபிடிச்சுட்டா அப்புறம் கேக்கறதுக்கு என்னப்பா இருக்கு?" ஜாஸ் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் அந்தக் கேள்வி எழும். சின்ன வயதிலிருந்தே ரக்தி கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது தோன்றியதே இல்லை.

ஜாஸையும் நம் சங்கீதத்தையும் சேர்த்து வாசித்தவர்களின் பதிவுகளும் எங்கள் அறைக்கு வந்தன. சார்லஸ் மிங்கஸின் குழுவில் சாக்ஸபோன் வாசித்த சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்றுக்கொண்டு வாசித்திருக்கிறார். ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழு 1976-இல் தன் முதல் தட்டை வெளியிட்டது. அதில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராமின் முழுப் பெயரிலேயே வேதாரண்யம் பக்கத்துத் தேத்தாக்குடி இருக்கிறது. "நம்ம ஊர்ப் பேருய்யா" என்று விதைக்கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. கலந்து வாசித்ததைக் கேட்பதைவிட, கலக்காத இரண்டை அடுத்தடுத்துக் கேட்பதில்தான் காது அதிகம் வேலை செய்கிறது. கலவையில் சேர்மானத்தை வித்வான்களே முடித்துத் தந்துவிடுகிறார்கள். கோல்ட்ரேனுக்கும் ரக்திக்கும் நடுவே பாலம் போடுவது கேட்கிறவன் பொறுப்பு.

இப்படிக் கேட்டுக் கேட்டு எங்களுக்குள் எழுதாத சட்டங்கள் சில உண்டாகிவிட்டன. முன்னுரை கூடாது. "இதுதான் உச்சம்" என்று விரல் நீட்டக் கூடாது. முடிந்த கையோடு "எப்படி?" என்று கேட்கக் கூடாது. காபி வரும்வரை பொறுத்திருந்தால் அவரவரே பேசுவார்கள். வாட்ஸாப்பில் வரும் சுட்டிகளுக்கு இந்த அறையில் மதிப்பில்லை என்று முதலில் சட்டம் போட்டோம். பிறகு கனடாவில் இருக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தட்சிணாமூர்த்தியின் தவில் பதிவு ஒன்றை அனுப்பினார். அந்தச் சட்டத்தை வாத்தியாரே முதலில் மீறினார். சுட்டியானாலும் சரி, நாலு பேர் உட்கார்ந்து கேட்டால் சரி என்று திருத்தம் செய்துகொண்டோம்.

எனக்குத் தெரிந்தவரை, சக ரசிகன் நமக்குக் கொடுப்பது தட்டை அல்ல. தட்டு கடையில் கிடைக்கும், இப்போது போனிலும் கிடைக்கிறது. அவன் எதைக் கவனித்தான் என்பது மட்டும் அவனிடமே இருக்கிறது. அதைக் கொடுக்கிறவன், கேட்கிறவனுக்கு முதலில் இடம் விட வேண்டும்.

வருகிற ஞாயிறு தெலோனியஸ் மங்க்கின் பியானோத் தட்டோடு வருகிறானாம் என் அண்ணன் மகன். "சித்தப்பா, உங்களுக்குப் பிடிக்காது" என்று போனிலேயே சொல்லிவிட்டான். எதுவும் சொல்லாமலே அவன் வந்திருக்கலாம்.