சாம்பலுக்கு இரண்டு கலயம்

மனிதன் மாண்டபின் உடலை எரித்தால் எஞ்சுவது என்ன? சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் கலந்த எலும்புத் துகள். இரண்டு மூன்று கிலோ எடை. அவ்வளவுதான்! வயலில் இட்டால் மண்ணோடு மண். ஆற்றில் கரைத்தால் வண்டலோடு வண்டல். அந்தச் சாம்பலுக்கா சண்டை என்று கேட்பீர்கள். ஆம், தோழர்களே! சாம்பலுக்கும் சண்டை நடக்கிறது. உடன்பிறந்தோர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அளவுக்கு நடக்கிறது. ஆனால், அந்தச் சாம்பலைச் சற்றே ஊதிப் பாருங்கள்; அடியில் கனன்று கொண்டிருக்கும் கங்கு வேறு என்பது விளங்கும்.

ஏற்காட்டில் நம் மாமா ஒருவர் வாழ்ந்தார். காப்பித் தோட்டமொன்றில் நெடுங்காலம் கணக்கெழுதி, மிச்சம்பிடித்த காசில் ஓட்டு வீடொன்று கட்டி, அதைச் சுற்றிக் காப்பியும் மிளகும் வளர்த்தவர். மக்கள் மூவர். ஆண் இருவரும் சமவெளியில் தொழில் தேடி அங்கேயே தங்கிவிட்டனர். கணவனை இழந்து பிறந்தகம் திரும்பிய மகள்தான் மலையில் உடனிருந்தாள். மாமா படுக்கையில் கிடந்த நான்காண்டுக் காலமும் கஞ்சி ஊட்டியவள் அவள்; கழிவு துடைத்தவள் அவள்; நள்ளிரவுப் பனியில் மருத்துவரைத் தேடி ஓடியவளும் அவளே.

மாமா மறைந்தார். செய்தி கேட்டு நாமும் மலையேறினோம். தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன் என்பது கொள்ளி வைப்பதில் நாட்டு வழக்கு. ஆகவே மூத்தவன் கொள்ளி வைத்தான். மறுநாள், பால் தெளித்து எலும்பு பொறுக்கும் வேளையில் மூண்டது வழக்கு. "கொள்ளி நீ வைத்தாய், சாம்பல் எனக்கு!" என்றான் இளையவன். பவானிக் கூடுதுறைக்கு என்றான் மூத்தவன். இராமேசுவரத்துக்கு என்றான் இளையவன். பேச்சு முற்றிக் கை நீளும் நிலை வந்தது. இறுதியில் பெரியவர்கள் கூடித் தீர்ப்பு வழங்கினர்: சாம்பலுக்கு இரண்டு கலயம், ஆளுக்கொன்று!

மூன்றாவது கலயம் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. மகளோ வீட்டு வாசலோடு நிறுத்தப்பட்டிருந்தாள். பெண் சுடுகாடு வரலாகாதாம்! உயிரோடிருந்த தகப்பனைத் தூக்கி நிமிர்த்தத் தகுதி பெற்ற கைகள், செத்த தகப்பனின் சாம்பலைத் தொடத் தகுதி இழந்துவிட்டன!

ஏன் இந்தப் போட்டி? பாசமா? பக்தியா? இளையவன் நம்மைத் தனியே அழைத்து உள்ளத்தைத் திறந்தான். "அண்ணா, இன்று சாம்பலை விட்டுக்கொடுத்தால், நாளை வீட்டையும் விட்டுக்கொடு என்பான்." மூத்தவன் மனத்திலும் அதே கணக்குத்தான். கருமம் செய்தவனுக்கே காணி!

இந்தக் கணக்கை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, சாத்திரம் கற்றுக்கொடுத்தது. 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் கரையேற்றுபவன் ஆகையால் மகனுக்குப் 'புத்திரன்' என்று பெயர் வந்ததாகச் சொல்கிறது மனுநூல். வங்காளத்தில் வழங்கிய தாயபாகம், பிண்டமிடும் தகுதியை வைத்து வாரிசுகளை வரிசைப்படுத்திற்று. நம் பக்கம் வழங்கிய மிதாட்சரம் இரத்த உறவைப் பேசிற்று என்றாலும், குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு என்பதை ஆண்மக்களுக்கு மட்டுமே வைத்தது. சடங்கு முன்னே சென்றது. சொத்து பின்னே சென்றது. பெண் இரண்டிற்கும் வெளியே நின்றாள்.

சாம்பலைப் பற்றித் தெளிவாக எண்ணியோரும் இந்நாட்டில் இருந்தனர். சவகர்லால் நேரு 1954இல் எழுதிய விருப்ப ஆவணத்தில், தமக்குச் சமயச் சடங்கு எதுவும் வேண்டா என்றார். சாம்பலில் ஒரு பிடியைக் கங்கையில் இடச் சொன்னதுங்கூடச் சமய நோக்கத்தால் அன்று என்று விளக்கினார். பெரும்பகுதியை உழவர் உழைக்கும் வயல்கள்மீது வானூர்தியிலிருந்து தூவச் சொன்னார். தூவினர், ஆனால் 1964இல் அவர் மறைந்தபோது, வேண்டா என்ற சடங்குகளையும் செய்தே முடித்தனர்! காந்தியாரின் சாம்பலில் ஒரு பகுதி கட்டாக் நகர வங்கிப் பெட்டகமொன்றில் பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தது. கொள்ளுப்பேரர் நீதிமன்றம் சென்ற பிறகு, 1997இல்தான் அது ஆற்றைக் கண்டது. நாடறிந்தவர் நிலையே இதுவென்றால், காப்பித் தோட்டக் கணக்கருக்கு வேறென்ன கிட்டும்?

சாம்பல் பிரிந்தது, அடுத்துச் சாமான்கள். கைக்கடிகாரம் இளையவனுக்கு, பித்தளை அண்டா மூத்தவனுக்கு, பெட்டி ஒருவனுக்கு, பீரோ மற்றவனுக்கு. மகளுக்கென்று மீந்தது, மாமா போர்த்திக் கிடந்த கம்பளி! "அவளுக்குத்தான் அன்றே சீர் செய்தாயிற்றே!" என்றனர் இருவரும். சாம்பலில் ஒன்றுபடாத அண்ணன் தம்பி, தங்கையை ஒதுக்குவதில் எத்துணை ஒற்றுமை!

பதினாறாம் நாள், கருமாதிப் பந்தலில் பந்தி முடியும் முன்பே ஒரு முத்திரைத்தாளை அவள்முன் நீட்டினர். விடுதலைப் பத்திரம்! அந்த அருமைச் சொல்லுக்கு நேர்ந்த அவலத்தைப் பாருங்கள். தன் பங்கைத் தானே துறந்து கையொப்பமிடுவதற்குப் பெயர் விடுதலையாம்! அழுது சிவந்த கண்களோடு பேனாவை எடுத்தவள், நம் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இதில் என்ன எழுதியிருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்" என்றாள். படித்தோம்; ஒரு சொல் விடாமல், பந்தலில் இருந்தோர் அனைவர் காதிலும் விழும்படி படித்தோம். கேட்டு முடித்ததும் பேனாவை மூடி வைத்தாள். "அப்பா வீட்டிலிருந்து என்னை நானே வெளியேற்றிக்கொள்ளும் தாளா இது? வேண்டாம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே நெடிய போராட்டம் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமையும் வாரிசுரிமையும் பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை தாமே ஈட்டி, எவருக்கும் எழுதிவைக்காமல் விட்டுச்சென்ற சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. தந்துவிட்டு, குடியிருக்கும் வீட்டை மட்டும் ஆண்மக்கள் பிரிக்க மனங்கொள்ளும்வரை மகள் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாகாது என்று 23ஆம் பிரிவால் கதவைச் சாத்தியது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையோ அப்போதும் ஆணுக்கே. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பூட்டை உடைத்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நாடு முழுமைக்கும் ஆக்கியதோடு, 23ஆம் பிரிவையும் அகற்றிற்று. தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டு! அந்தச் சட்டத்தின் துணையால்தான் வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள் ஏறின. வீடும் மூன்று பங்காயிற்று. மகள் இன்று தன் பங்கில் குடியிருக்கிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் மகிழ்ந்திருப்போம். ஆனால், அந்தப் பந்தலின் ஓரத்தில் அமர்ந்து அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி. மலையாளி இனத்தவள். கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். சேர்வராயன் மலையில் வழிவழியாக வாழும், தமிழ் பேசும் பழங்குடி மக்கள் அவர்கள். அவள் நம்மிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "அண்ணா, எங்கப்பா காட்டையும் என் தம்பிமார் பிரித்துக்கொண்டார்கள். இந்தச் சட்டம் எங்களுக்கும் உண்டா?"

என்ன சொல்வது? அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, நடுவண் அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பட்டியல் பழங்குடியினர்க்கு இச்சட்டம் செல்லாது என்கிறது! ஒரே மலை, ஒரே மழை, வேலிக்கு இப்புறத்துப் பெண்ணுக்குப் பங்கு உண்டு. அப்புறத்துப் பெண்ணுக்கு வழக்கமே வேதம்!

நீதிமன்றங்கள் இதைக் காணாமல் இல்லை. இந்த விலக்கை ஆராய்ந்து திருத்துவதைப் பற்றி எண்ணுமாறு 2022இல் உச்ச நீதிமன்றம் நடுவண் அரசைக் கேட்டுக்கொண்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்து, அறிவிக்கை பெற முயலுமாறு மாநில அரசுக்கும் சொல்லிற்று. 2025 சூலையில் உச்ச நீதிமன்றம், கோண்டு இனப் பெண்ணொருத்தியின் வாரிசுகளுக்குச் சமத்துவத்தின் பெயரால் பங்கு தந்தது. அதே ஆண்டு அக்டோபரிலோ, சட்டம் இருக்கிறபடி இருக்கையில் வாரிசுரிமைச் சட்டத்தைப் பழங்குடியினர்க்கு நீட்ட நீதிமன்றத்துக்கு வழியில்லை என்று கூறி, இமாச்சல உயர் நீதிமன்றத்தின் ஆணையொன்றை நீக்கியது. ஒரு வாசல் திறக்கிறது. மறு வாசல் மூடுகிறது. திறவுகோல் நடுவண் அரசின் கையில்!

பழங்குடியினரின் வழக்கத்தில் கை வைக்கலாமா, வெளியில் மணம் முடிக்கும் மகள் வழியே மலைநிலம் மாற்றாரிடம் போய்விடாதா என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். நிலம் காக்கப்படவேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால், இந்த மலையின் நிலம் இதுவரை போனது யார் வழியே? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியை நட்டார். அவரைத் தொடர்ந்து தோட்ட முதலாளிகள் வந்தனர். மலைச் சரிவுகள் எசுடேட்டுகள் ஆயின. எந்த மகளும் அதை எடுத்துக்கொடுக்கவில்லை! பழங்குடியல்லாதார்க்கு நிலத்தை மாற்றுவதைத் தடுங்கள்; வரவேற்போம். மகளைத் தடுத்து நிலத்தைக் காப்பதாகச் சொல்வது, களவு போனதற்காக வீட்டுப் பிள்ளையைக் கட்டிவைப்பது போன்றது.

காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினர் என்பது அம்மக்களிடை வழங்கும் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று பெயரும் சொல்வர். கதையில்கூடப் பங்காளிகள் ஆண்களே! ஆனால் மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரி அம்மன் இருக்கிறாள். கல்லான பெண்ணுக்குக் குகையில் சரிபாதி; உயிருள்ள பெண்ணுக்குக் காட்டில் ஒரு சாண் கிடையாதா? ஏற்காடு, பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. ஆட்சியை அமைக்க அவள் வாக்கு வேண்டும். அப்பன் காட்டைப் பிரிக்கும்போது அவள் வேண்டாதவளா?

இளைஞர்களே! சாவு வீட்டுக்குச் செல்கிறீர்கள். மாலை வைத்துத் திரும்பிவிடாதீர்கள். வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயர் உண்டா என்று பாருங்கள். துக்கத்தில் இருப்பவள்முன் பத்திரம் நீட்டப்பட்டால், அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்கள் பெற்றோரை, விருப்பத்தை உயிரோடிருக்கும்போதே எழுதிப் பதியச் சொல்லுங்கள். அதில் தங்கையின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள். பழங்குடி மகளிர்க்கும் வாரிசுரிமை வழங்கும் அறிவிக்கையைக் கேட்டு, ஊர்தோறும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அந்த மலைமகள் கேட்ட கேள்வி இன்னும் விடைபெறவில்லை. "உண்டு" என்று சட்டம் சொல்லும் நாள்வரை நமக்கு ஓய்வில்லை!