வாளியும் கிணறும்

லண்டன் கால்வாய்களில் படகில் குடியிருக்கிற இரண்டு பேர் சந்தித்தால், மழை வெயில் பேசி முடிக்கு முன்னரே கக்கூசுக்கு வந்துவிடுவார்கள். வெட்கம் கிடையாது. கரையில் இருப்பவனுக்குத் தண்ணீரை இழுத்துவிட்டால் கதை முடிந்தது. கால்வாய்க்குள் மலத்தைத் திறந்துவிடத் தடை இருப்பதால் படகில் அது நடவாது. படகின் அடியில் தொட்டி வைத்து, நிரம்பியதும் காசு கொடுத்து உறிஞ்சுவிக்கலாம். அல்லது தூக்கிச் செல்லும் பெட்டியில் சேர்த்து, கரையில் அதற்கென்று இருக்கும் இடத்தில் கவிழ்க்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால், தண்ணீரே ஊற்றாமல் மலத்தையும் சலத்தையும் பிரித்து வைக்கலாம். நான் மூன்றாவது கட்சி.

படகுக்கு நான் வந்தது இயற்கைப் பற்றினால் அல்ல, வாடகையினால். ஏழு அடிகூட அகலமில்லாத இரும்புப் படகு. சொந்தத் தரிப்பிடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். அல்பேர்ட்டன் பக்கம் நிற்கும் நாட்களில் தமிழ்க் கடைக்கு நடந்தே போய் முருங்கைக்காய் வாங்கலாம். மற்ற நாட்களில் டின்மீன்தான்.

பிரித்து வைக்கும் இந்தக் கக்கூசின் சூட்சுமம் மிகச் சிறியது. இருக்கையின் முன்பக்கத்தில் ஒரு புனல், அதன் கீழே பத்து லீற்றர் கலன். சலம் அதற்குள் போகும். பின்பக்கம் வாளி. வாளியின் அடியில் தும்புத்தூள், ஒவ்வொரு முறையும் மேலே இன்னொரு பிடி. கணினிக்குள் சுழல்வது போன்ற ஒரு சின்ன விசிறி, 12 வோல்ற்றில் இரவும் பகலும் ஓடிக் காற்றைக் கூரைக் குழாயால் வெளியே தள்ளும். நாற்றம் வருவது இரண்டும் கலக்கும்போதுதான். மலத்தில் உள்ள கிருமிகள் சலத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்கிவிடும். கலக்காவிட்டால் ஈர மண் மணம் மட்டுமே. ஆண்களும் இருந்துதான் பெய்யவேண்டும் என்பதைப் படகுக்கு வரும் நண்பர்களுக்கு விளங்கவைப்பதுதான் பெரும்பாடு.

தும்புத்தூள் 650 கிராம் கட்டியாக வரும். தண்ணீர் ஊற்றினால் ஒன்பது லீற்றர் அளவுக்குப் பொங்கும். நான் வாங்குகிற கட்டியின் உறையில் இலங்கையில் தயாரானது என்று போட்டிருக்கிறது.

அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “லண்டனுக்குப் போய் வாளியோடா தூக்கிறாய்?” என்றார்.

அந்தக் கேள்விக்குள் யாழ்ப்பாணம் முழுக்க இருக்கிறது. யாழ்ப்பாண நகரத்தில் வாளிக் கக்கூசு இருந்த காலத்தில் அந்த வாளியை வீட்டுக்காரர் தொட்டதில்லை. அதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர்கள் பின்பக்கத்தால் வந்து எடுத்துப்போனார்கள். அவர்களுக்குக் குடிநீரும் கோயிலும் மறுக்கப்பட்டன. எங்கள் பக்கத்தில் கக்கூசுக்குப் பனங்காணி இருந்தது. பிறகு குழி வந்தது. அருவருப்பு என்று நாங்கள் சொன்னதில் பாதி சாதி. தன் வாளியைத் தானே தூக்குகிறவனுக்கு அது ஒரு வாளி, அவ்வளவுதான். கால்வாய்க் கரையில் எனக்கு முன்னால் வாளியோடு போகிறவர் வழக்கறிஞராகவும் இருக்கலாம்.

படகுக் கக்கூசை அளவுக்குமேல் புகழவும் மாட்டேன். படகில் எதுவும் எருவாவதில்லை, காய்கிறது மட்டும்தான். கூட்டெருவாக அதற்குக் காலமும் சூடும் வேண்டும். சும்மா வைத்து மட்கவிடுவதானால், 20 பாகை செல்சியஸுக்குக் குறைந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு, அதைவிடச் சூடான நாடுகளில் ஓராண்டுக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2006இல் வரையறுத்தது. படகின் கூரையில் எத்தனை பெட்டியை அவ்வளவு காலம் அடுக்குவது? பலர் பையில் கட்டிக் கால்வாய்க்கரைக் குப்பைத்தொட்டியில் போட்டுவந்தார்கள். கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை 2021ஆம் ஆண்டு முடிவோடு அதை நிறுத்திவிட்டது. அள்ளுகிற தொழிலாளியை நினைத்தால் அது சரியான முடிவு. இப்போது தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் தயவில் என் காலம் போகிறது.

நிலமும் சூடும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கின்றன. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் கிணறு. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் பொந்தும். மேலே விட்ட அழுக்கை மண் வடிகட்டுமுன் வெடிப்பு கிணற்றுக்குக் கொண்டுபோய்விடும். கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே எழுதி வருகிறார்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை. அதற்கு மேல் போனால் புட்டிப்பாலை அந்தத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் குழந்தைக்கு ஆபத்து. நைத்திரேற்று கூடுவதற்குக் காரணம் இரண்டு: தோட்டத்தில் அள்ளிப்போடும் யூரியா, வளவுக்குள் இருக்கும் மலகூடக் குழி.

இந்த இரண்டும் ஒரே பொருள் என்பதுதான் வேடிக்கை. ஒரு வளர்ந்தவரின் ஆண்டுச் சலம் ஏறக்குறைய 500 லீற்றர், அதில் சுமார் 4 கிலோ நைதரசன். யூரியாவில் 46 வீதம் நைதரசன் என்றால் அது எட்டு கிலோவுக்கு மேற்பட்ட யூரியா. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து விவசாயிகள் அந்தரப்பட்ட மாதங்களிலும் நாங்கள் சலத்தைக் கிணற்றுக்குப் பக்கத்துக் குழியில்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

“கழுவுகிற சனத்துக்கு இது சரிவராது” என்பார்கள். உண்மைதான், தண்ணீர் போனால் வாளி நாறும். ஆனால் அந்தக் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 1990களில் கேரளக் கடற்கரையில் போல் கால்வேர்ட் என்ற பிரித்தானியர் கட்டிய கக்கூசுகளில் கழுவுவதற்குத் தனிப் பள்ளம் உண்டு. அந்தத் தண்ணீர் செடிப் பாத்திக்குப் போகும். காவிரிக் கரையில், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் முசிறியில், ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் அதே வகையைப் பரப்பியது. பொதுக் கக்கூசுக்கு வந்தவர்களுக்கு அவர்கள் சில்லறைக் காசும் கொடுத்தார்கள், சலம் பசளை என்பதால். அதை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பலாலி வீதியின் இருபக்க ஒழுங்கைகளிலும் வெளிநாட்டுக் காசில் எழும் வீடுகளைப் பார்க்கிறேன். இரண்டு பரப்புக் காணி, மூன்று மாடி, அறைக்கொரு குளியலறை. கோடையில் ஒரு மாதம் வந்து நிற்பதற்கு. எல்லாக் குழாயும் கடைசியில் ஒரே குழியில் முடிகிறது. மதிலுக்கு அந்தப்பக்கம் அயல்வீட்டுக் கிணறு.

வீடு கட்டக் காசு அனுப்புகிறவர்களே, மாபிள் நிறத்தைக் கேட்குமுன் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று மேசனிடம் கேளுங்கள். உங்கள் கிணற்றோடு அயலட்டைக் கிணறுகளின் தண்ணீரையும் நைத்திரேற்றுக்குச் சோதிப்பியுங்கள். மாடிக்கு நான்கு குளியலறை போட்டாலும், கீழே வளவுக்குள் பிரித்தெடுக்கும் கக்கூசு ஒன்றையாவது கட்டிப் பாருங்கள். வாழைக்குப் பசளை வாங்கும் செலவாவது குறையும்.