மஞ்சள் இறங்கிய வாரங்கள்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது புதிதல்ல. நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தால் பெரும்பாலும் போய்விடும். நான் சொல்வது விளக்குக்கு அடங்காத மஞ்சள். முதலில் கண்ணில் தெரியும். பிறகு தோல் பித்தளை நிறத்துக்குப் போய், கடைசியில் பச்சை கலந்து மங்கும். வயிறு உப்பும், மண்ணீரல் வீங்கும்.

2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தேன். பெரும்பாலும் இரவுப் பணி. குடல் அழுகிப்போகும் ‘நெக்’ நோயில் குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு வாயால் ஊட்டிப் பயனில்லை. சர்க்கரை, அமினோ அமிலம், உப்புகள், வைட்டமின்கள் கலந்த பை ஒன்று; தனி சிரிஞ்சில் வெள்ளை வெளேரென்று சோயா எண்ணெய்க் கொழுப்பு. இரண்டும் இதயத்துக்கு அருகில் போய் முடியும் குழாய் வழியாக மணிக்கணக்கில் இறங்கும். பை இல்லாவிட்டால் குழந்தை பட்டினியில் போகும். மாதக்கணக்கில் அதையே நம்பி இருந்தால் கல்லீரல் போகும். இரண்டையும் தெரிந்துகொண்டேதான் கலந்தோம்.

1968-இல் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக்கும் டக்ளஸ் வில்மோரும் சிறுகுடல் ஏறக்குறைய இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தையை ரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஊட்டி வளர்த்துக் காட்டினார்கள். 1971-லேயே இப்படி ஊட்டப்பட்ட குறைமாதக் குழந்தையின் ஈரல் கெட்டது பதிவாகிவிட்டது. அதன் பிறகு முப்பது வருடம் என்ன செய்தார்கள் என்று கோபப்படலாம். ஆனால் குற்றம்சாட்ட வேறு ஆட்கள் நிறைய இருந்தார்கள். குறைமாதம், குழாய் வழியே வரும் தொற்று, வாயால் எதுவும் போகாததால் தேங்கும் பித்தநீர். மூன்றும் உண்மையான காரணங்கள். அந்தக் கூட்டத்தில் கொழுப்பு ஒளிந்துகொண்டது.

அதைப் பிடித்தது பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை. அறுவை மருத்துவர் மார்க் பூடர், மருந்தாளுநர் காத்லீன் குரா. (ஒரு மருந்தாளுநரின் பெயர் இப்படி முன்னால் வருவது அபூர்வம், எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.) சோயா ஒவ்வாத ஒரு பதின்வயதுப் பையனுக்கு ஜெர்மனியிலிருந்து ‘ஒமெகாவென்’ என்ற மீன் எண்ணெய்க் கொழுப்பை வரவழைத்துக் கொடுத்திருந்தார்கள். எலிகளில் சோதித்தபோது ஈரலில் கொழுப்பு சேரவில்லை. பிறகு குடல் குறைந்த இரண்டு குழந்தைகளுக்குக் கொடுத்து ஈரல் மீண்டதை 2006-இல் வெளியிட்டார்கள்.

எங்கள் பிரிவில் அந்தக் கட்டுரை ஒரு சண்டையையே கிளப்பியது. இரண்டு குழந்தைகளை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்றார் மூத்த மருத்துவர். மீன் எண்ணெயை மட்டும் கொடுத்தால் அத்தியாவசியக் கொழுப்பு அமிலம் குறைந்து வளர்ச்சி கெடும் என்ற பயம் வேறு. எனக்கோ மீன் எண்ணெய் என்றதும் ஊரில் அம்மா வாயைப் பிளந்து போட்ட மாத்திரையின் ஏப்பம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் பிரிவில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமியான நேரடி பிலிரூபின் 2-ஐத் தாண்டினாலே கவலைப்படுவோம்; அவளுக்கு அது இரட்டை இலக்கத்தில் நின்றது. ஈரலும் குடலும் சேர்த்து மாற்று அறுவைக்குப் பதிவு செய்யும் பேச்சு வந்துவிட்டது. அந்த வரிசையில் காத்திருந்தே இறந்த குழந்தைகளை நாங்கள் பார்த்திருந்தோம். மூத்தவர் இறங்கி வந்தார்.

மருந்து அப்போது அமெரிக்காவில் அனுமதி பெறாதது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக, மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் கேட்க வேண்டும். மருத்துவமனை நெறிக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். பெற்றோர் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட வேண்டும். “மீன் எண்ணெய்தானே? இதற்கா இத்தனை கையெழுத்து?” என்று கேட்டாள் குழந்தையின் அம்மா. கேள்வி நியாயமானதுதான்.

கண்ணாடி பாட்டில்கள் வந்தன. சோயாவை நிறுத்தினோம். எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 கிராம். அதாவது 10 மில்லி. முதல் வாரங்களில் பிலிரூபின் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறவே செய்தது. மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு நின்றது. பிறகு படிப்படியாக இறங்கியது. எண்ணை நம்புவதற்கு முன்பே அவள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்: கண்ணின் வெள்ளை வெள்ளையாகிறது என்று. மாற்று ஈரல் பேச்சு நின்றது. குடல் வளர்ந்து பையிலிருந்து அவள் விடுபட வருடங்கள் ஆயின.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. தாமதமாகத் தொடங்கிய குழந்தைகளில் சிலர் பிழைக்கவில்லை. மஞ்சள் இறங்கிய பிறகும் ஈரலின் தழும்பு அப்படியே இருக்கலாம் என்பதைத் திசுப் பரிசோதனைகள் பின்னால் காட்டின. 2018 ஜூலையில் எஃப்.டி.ஏ. அனுமதி வந்தபோது தாள்களின் தொல்லை ஒழிந்தது.

மீன் எண்ணெய்தான் குணமாக்கியது என்பதை மூத்தவர் மட்டும் இன்றும் ஒத்துக்கொள்வதில்லை. சோயா எண்ணெயைக் கிலோவுக்கு 3 கிராம் வரை கொடுத்துக்கொண்டிருந்தோம், மீன் எண்ணெயை 1 கிராம்தான் கொடுத்தோம். குறைத்ததால் குணமானதா, மாற்றியதால் குணமானதா என்பார். சோயாவில் இருக்கும் தாவர ஸ்டெரால் பித்தநீரைத் தடுக்கிறது, மீன் எண்ணெயில் அது இல்லை என்று நான் சொல்வேன். கொழுப்பைக் குறைத்தும் பலன் கண்டவர்கள் உண்டு என்று அவர் பதில் வைத்திருப்பார். தனித்தனியாகச் செய்து பார்த்திருக்கலாம்தான். அவளுக்கு அவ்வளவு ஈரல் மிச்சமில்லை.