மார்ச் 20-ல் எந்த தினம்?

பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை கல்லூரிகளுக்கு விழாக்காலம். விளையாட்டு விழா, கலைவிழா, துறை மன்ற நிறைவு விழா, மூன்றாமாண்டு மாணவர்களுக்குப் பிரிவுபசார விழா. நடுநடுவே யோகா, ரத்ததான முகாம், கண் பரிசோதனை, 'மாணவரும் மனநலமும்' கருத்தரங்கு. ஈவன் செமஸ்டரில் இன்டர்னல் தேர்வுக்கும் பிராக்டிகலுக்கும் இடையில் கிடைக்கிற நாட்களில் இத்தனையையும் செருகியாக வேண்டும். நாக் குழு வரும்போது காட்டப் புகைப்படமும் அறிக்கையும் வேண்டுமே.

நாங்கள் நான்கு பேர். வடமாவட்டங்களில் பட்டியலின மாணவர்களோடு வேலை செய்கிற சமூகப் பணியாளர்கள். இந்த மாதங்களில் எங்களுக்கும் அழைப்பு வரும். இந்த ஆண்டு ஒரு கல்லூரியிலிருந்து நிகழ்ச்சி நிரலே வந்துவிட்டது. தலைப்பு: 'ஸ்பிரிங் வெல்னஸ் வீக்'. (மாசி முடிந்ததும் தார் உருகுகிற ஊரில் ஸ்பிரிங் எங்கே வந்தது என்று கேட்கக்கூடாது. யாரோ எங்கிருந்தோ தலைப்பை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.) முதல் நாள் யோகா. இரண்டாம் நாள் 'நேர்மறைச் சிந்தனையே வெற்றி'. மூன்றாம் நாள் சத்துணவு பற்றிய உரை. அடுத்தது எங்கள் பங்கு: மார்ச் 20, சர்வதேச மகிழ்ச்சி தினம், மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி, இரண்டு மணி நேரம், ஏ.சி. அரங்கம்.

ஒருங்கிணைப்பாளர் போனில் மரியாதையாகத்தான் பேசினார். "ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் மட்டும் பேசுங்க மேடம். சாதி, அது இதுன்னு போக வேண்டாம். எங்க பசங்க எல்லாம் ஒத்துமையாதான் இருக்காங்க."

அந்தத் தேதியைப் பார்த்ததும் எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சி தினத்தை ஐ.நா. சபை 2012-ல் அறிவித்தது. 2013 முதல் கொண்டாடுகிறார்கள். மார்ச் 20-க்கு அதைவிடப் பழைய உரிமையாளர்கள் உண்டு. 1927-ல் அதே நாளில்தான் மகாத் நகரத்தில் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் அண்ணல் அம்பேத்கருக்குப் பின்னால் வரிசையாக நடந்துபோய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். 2027-ல் அதற்கு நூறு வயது.

மகாத்தில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குளம் சட்டப்படி அப்போது மூடியிருக்கவில்லை. பொது நீர்நிலைகள் எல்லாருக்கும் உரியவை என்று 1923-லேயே பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியிருந்தது. மகாத் நகராட்சியும் 1924-ல் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தாளில் திறந்திருந்த குளத்தில் ஒருவராலும் கைவைக்க முடியவில்லை. குடித்துவிட்டுத் திரும்பியவர்களை அடித்தார்கள். குளத்துக்கு மாட்டுச்சாணமும் கோமியமும் ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போய் 1937-ல்தான் முடிந்தது.

இதை ஏன் வெல்னஸ் வாரத்துக்குள் இழுக்கிறீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்கக்கூடும். சொல்கிறோம்.

போன வருடம் வேறொரு கல்லூரியில் எங்கள் பயிற்சி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு இரண்டாமாண்டு மாணவி ஒருவர் நாற்காலிகளை அடுக்குவதுபோல் நின்றுகொண்டிருந்தார். இப்படி நிற்கிறவர்கள் பேச வந்தவர்கள் என்பது எங்களுக்குப் பழக்கம். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா" என்று ஆரம்பித்தார். முதலாண்டில் அவருடைய தண்ணீர் பாட்டில் பெஞ்ச் முழுக்கச் சுற்றுமாம். மதியத்துக்குள் காலி. ஒருநாள் யாரோ "உங்க ஊர்ல எந்தத் தெரு" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, பக்கத்திலிருந்து எழுந்துகூடப் போகவில்லை. பாட்டில் மட்டும் சாயங்காலம் வரை நிறைந்தே இருந்தது. அவர் பொறுப்பாசிரியரிடம் போயிருக்கிறார். "நீயா ஏதாவது நெனச்சுக்காதம்மா, ஓவர்திங்க் பண்ணாத" என்று பதில் வந்திருக்கிறது. "நான்தான் ஓவரா யோசிக்கிறேனாக்கா?" இதுதான் அவர் கேட்க வந்த கேள்வி.

மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லிக் கொடுப்பது கெட்ட விஷயமில்லை. தேர்வு அறை வாசலில் கை நடுங்குகிற பிள்ளைக்கு அது உதவும். நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். மனநலம் என்ற சொல்லைக் கேட்டாலே 'பைத்தியமா' என்று கேட்ட நிலை மாறி, கல்லூரிகள் அதற்கு ஒரு வாரம் ஒதுக்குவதும் நல்லதே. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கு நடுவில் நேர்ந்தது. சிகிச்சையை மட்டும் அவர் ஒருவரின் மூச்சுக்குள் தேடச் சொன்னால், காயம் பட்டவரே காயத்துக்குக் காரணம் என்றாகிவிடுகிறது. சாதி என்ற சொல்லை எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு நடக்கும் மன அழுத்த வகுப்பு செய்கிற வேலை அதுதான்.

சமூகவியல் முதுகலையில் எங்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பித்த பாடம் எமில் துர்க்கைம் 1897-ல் வெளியிட்ட தற்கொலை பற்றிய ஆய்வு. முழுக்கத் தனி மனிதர் சம்பந்தப்பட்டதாகத் தெரிகிற ஒரு முடிவுக்குக்கூடச் சமூகக் காரணங்கள் உண்டு என்று நிறுவிய நூல். நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் கல்லூரிகளில் அது இன்னும் தேர்வுக்கான ஐந்து மதிப்பெண் கேள்வியாகவே இருக்கிறது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்களில் ஒருவர் ரோஹித் வெமுலா. 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். அவருடைய கடைசிக் கடிதத்தை நட்சத்திரங்களுக்காகவும் கவித்துவத்துக்காகவும் எல்லாரும் பகிர்கிறார்கள். அதே கடிதத்தில் கணக்கு ஒன்றும் இருக்கிறது: ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், தனக்கு வர வேண்டும், அதைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். எங்களை அதிகம் தொந்தரவு செய்வது இந்த வரிதான். ஏனென்றால் நாங்கள் சந்திக்கிற பிள்ளைகளின் 'ஸ்ட்ரெஸ்' பெரும்பாலும் இப்படி ரூபாயில் எழுதக்கூடியது.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இன்னும் ஏறவில்லை. கல்லூரி அலுவலகம் அதுவரை காத்திருக்காது. 'முதல்ல கட்டிடு, வந்ததும் எடுத்துக்க' என்பார்கள். கட்டாதவர் பெயர் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படும். அந்தப் பட்டியலில் யார் யார் பெயர் வருகிறது என்பதே வகுப்புக்கு ஒரு சாதிச் சான்றிதழ். ஹால் டிக்கெட் கிடைக்குமா என்ற பயத்தோடு இருக்கிற பையனை யோகா பாயில் உட்காரவைத்து 'கவலைகளை விடுங்கள்' என்றால் அவன் எந்தக் கவலையை விடுவான்? அந்தப் பாயையும் அவனே வாங்கிவர வேண்டும் என்று நிரலின் அடிக்குறிப்பு சொல்கிறது.

சத்துணவு உரைக்கும் வருவோம். ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதி மாணவர்களின் மாத உணவுப்படியை அரசு 2023-ல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. வரவேற்க வேண்டிய உயர்வு. அதையே முப்பதால் வகுத்தால் நாளைக்கு ஐம்பது ரூபாய். அதில் மூன்று வேளை. பாதாம், அவகாடோ என்று திரையில் படம் போட்டுக் காட்டுகிறவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது இந்த ஐம்பது ரூபாய்தான். மலிவான புரதம் எது என்று எங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டி காலத்திலிருந்தே தெரியும். அதன் பெயரைச் சொன்னால் அரங்கில் சிரிப்பு வரும் என்பதும் தெரியும்.

இன்னொன்று. இந்த விடுதிகள் கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருக்கின்றன. 2025-ல் இவற்றுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாறியது, இடம் மாறவில்லை. கல்லூரியின் நலம் கல்லூரி கேட்டோடு முடிகிறது. கலைவிழா ஒத்திகை இரவு எட்டு வரை போகும். டவுன் பஸ் போய்விடும், விடுதி கேட்டும் மூடிவிடும். ஆகவே எங்கள் பிள்ளைகள் மேடையில் குறைவு. துறை டி-ஷர்ட்டுக்குக் காசு, 'டிரெடிஷனல் டே'க்குப் பட்டு வேட்டி, குழுப் படத்துக்குக் காசு. பணம் இல்லை என்று சொல்வதைவிட அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்வது எளிது. வருகைப் பதிவேட்டில் கலைவிழா நாட்களில் யாருக்கெல்லாம் காய்ச்சல் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?

பறை மட்டும் இப்போது எல்லா மேடையிலும் இருக்கிறது. நல்லது, கைதட்டுவோம். வாசிக்கிற பையனின் அப்பா ஊர்ச் சாவுக்கு இன்னமும் கட்டாயமாக அடிக்கப் போக வேண்டியிருப்பதைப் பற்றி அந்த மேடையில் ஒரு நிமிடம் பேச விட்டால் இன்னும் பலமாகத் தட்டுவோம்.

சரி, முறையிட இடம் இல்லையா? இருக்கிறது. மகாத் குளம் 1924-ல் இருந்ததுபோல் இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று யுஜிசி 2012-லேயே விதிமுறை கொண்டுவந்தது. நிரல் அனுப்பிய கல்லூரியின் இணையதளத்தில் இந்தப் பிரிவுக்கு ஒரு பக்கம் உண்டு. அந்த அலுவலர் யார் என்று நாங்கள் பேசிய மாணவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரோஹித்தின் தாய் ராதிகாவும், 2019-ல் மும்பையில் உயிரிழந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியின் தாய் அபேதாவும் இந்த விதிமுறையை நடைமுறைப்படுத்தச் சொல்லித்தான் அந்த ஆண்டே உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் ஐஐடி டெல்லி மாணவர்கள் இருவரின் பெற்றோர் தொடுத்த வழக்கில், மாணவர் மனநலம் குறித்து நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தகப்பன்கள் நீதிமன்றப் படியேறித்தான் இந்த நாட்டில் 'கேம்பஸ் வெல்னஸ்' ஓரடி நகர்கிறது.

ஏப்ரல் 14-ஐயும் சொல்லிவிட வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் அது சமத்துவ நாள். தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையும் அன்றே என்பதால் கல்லூரிகள் முன்கூட்டியே ஒரு நாள் உறுதிமொழி வாசித்துக் கணக்கை முடித்துவிடுகின்றன. பத்து நிமிடம். படம் எடுக்க இன்னொரு ஐந்து.

அழைப்பை நாங்கள் மறுக்கவில்லை. மறுத்தால் அந்த இரண்டு மணி நேரமும் வேறொரு நேர்மறைச் சிந்தனையாளருக்குப் போகும்; நாற்காலி அடுக்குகிற பிள்ளை யாரிடம் கேட்பார்? எனவே நிபந்தனைக்கு நிபந்தனை வைத்தோம். ஒன்று, நிகழ்ச்சி ஏ.சி. அரங்கில் வேண்டாம், மாலையில், வளாகத்துக்கு வெளியே உள்ள விடுதியில் நடக்கட்டும், வளாகத்து மாணவர்களும் அங்கே வரட்டும். இரண்டு, உதவித்தொகைப் பிரிவு எழுத்தர் பதிவேட்டோடு ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார வேண்டும். மூன்று, பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் நேரில் வந்து தன் பெயரையும் அறை எண்ணையும் சொல்ல வேண்டும். நான்கு, மகாத் பற்றிப் பேசுவோம். அது சாதி பற்றிய பேச்சாகத்தான் இருக்கும்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. விடுதிக்குச் சரி. எழுத்தர் வருவார். அலுவலருக்கு அன்று வேறு வேலை இருக்கிறதாம். மகாத் பற்றிப் 'பொதுவாக' பேசலாமாம், தலைப்பு மட்டும் மகிழ்ச்சி தினம் என்றே இருக்கும். அலுவலரின் பெயரும் அறை எண்ணும் எழுதிய தாளாவது விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்று மறுபடியும் கடிதம் அனுப்பியிருக்கிறோம். இதை எழுதும் வரை பதிலில்லை.

தோழர்கள் தங்கள் பக்கத்துக் கல்லூரிகளிலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் யார், எந்த அறை? கிடைத்த பதிலை, பதில் இல்லாவிட்டால் அதையும், எங்களுக்கு எழுதுங்கள். மார்ச் 20 மாலை விடுதிக்கு வரும் மாணவர்கள் வங்கிப் பாஸ்புக், ஆதார், வருமானச் சான்று, உதவித்தொகை விண்ணப்ப எண் ஆகியவற்றைக் கையோடு கொண்டு வரவும். அதுவரை காத்திருக்க முடியாத அளவுக்கு மனம் கனத்திருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.